விடை கொடுக்கத் தகுதி

இன்றைய வழக்கில் ‘விடை’ என்னும் சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. கேள்விக்குக் கூறும் மறுமொழியும் விடை. பிரிந்து செல்பவருக்கு அளிக்கும் இசைவும் விடை. ஒருவர் ‘விடை பெற்றார்’ என்று சொல்லும்போதே, அதைக் கொடுத்தவர் சிலர் உண்டு என்பது தானே பெறப்படுகிறது. விடை என்பது எடுத்துக்கொள்ளும் பொருளன்று, கொடுக்கப்பெறும் பொருள். அப்படியானால் அதைக் கொடுப்பதற்கு உரியவர் யார்? எந்த உறவால், எந்த உழைப்பால் அந்த உரிமை ஒருவருக்கு வந்து சேர்கிறது? ஒரு கால்பந்தாட்ட வீரரின் பிரிவு நம்முள் எழுப்பிய இக்கேள்வியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பயணம் புறப்படுபவர் ‘பயணம் சொல்லிக்கொள்ளும்’ வழக்கத்தை நம் குடும்பங்கள் நன்கறியும். கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும், கடல் கடந்து பிழைக்கப் போகிறவர் புறப்படுவதற்கு முன் வீடு வீடாக ஏறி இறங்குவார். ஸலாம் கூறுவார், திண்ணையில் அமர்ந்து ஒரு வாய் தேநீர் அருந்துவார், எழுந்து நிற்கும்போது, “ஏதும் குற்றங்குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்பார். “போய் வாருங்கள்” என்று இருப்பவர்கள் சொல்வார்கள். போகிறவர் பொறுதி கேட்கிறார், இருப்பவர் கொடுக்கிறார். அவருடைய கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் வந்து நின்றவர்கள் ஆதலால் அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. அறிமுகமில்லாத தெருவில் எவரும் பயணம் சொல்லிக்கொள்வதில்லை.

இந்த முறைமை தலைகீழாகப் புரண்டதை நாம் உணர்ந்தது 2024 ஜூன் 6ஆம் நாள் இரவில்.

அன்று வியாழக்கிழமை. மஃரிப் தொழுதுவிட்டுக் கடலூரில் நம் வீட்டுக் கூடத்தில், பேரப்பிள்ளைகளுடன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். கொல்கத்தாவின் சால்ட் லேக் விளையாட்டரங்கில் இந்தியாவும் குவைத்தும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதின. இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரிக்கு அதுவே நாட்டுக்காக ஆடும் கடைசி ஆட்டம் என்று மே 16ஆம் நாளே அவர் அறிவித்திருந்தார். அரங்கில் 50,000 பேருக்கு மேல் திரண்டிருந்தனர். தொண்ணூறு நிமிடமும் ஓடி முடித்தும் எவரும் கோல் அடிக்கவில்லை. கடைசி விசில் ஒலித்தபின் அந்த மனிதர் கை கூப்பியபடி அரங்கைச் சுற்றி வந்தார். இளைய வீரர்கள் இரு வரிசையாக நின்று வழிவிட, கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

நம் கண்ணிலும் நீர் வந்தது. மறைக்கத் தோன்றவில்லை. அருகிலிருந்த பதினொரு வயதுப் பேரன் நம்மையே பார்த்திருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

“நன்னா, இவரு ஆடி நீங்க எத்தனை மேட்ச் பாத்திருக்கீங்க?”

விரல் விட்டு எண்ணினோம். ஒரு கையின் விரல்களே மிகுதியாய் இருந்தன.

சேத்ரி யார் என்பதை அறியாத வாசகர்களுக்குச் சில சொற்கள். 1984இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். இராணுவத்தில் பணிபுரிந்தவரின் மகன். அவருடைய தாயார் நேபாள மகளிர் அணியில் கால்பந்து ஆடியவர். 2002இல் மோகன் பகான் கழகத்தில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார். 2005 ஜூன் 12ஆம் நாள், குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக நாட்டணியில் முதன்முதலாக இறங்கினார். அன்றே ஒரு கோலும் அடித்தார். முதல் ஆட்டத்தில் இடம் உண்டு என்று பயிற்சியாளர் சொன்ன நாளில், தம் சீருடையை எடுத்து அதன்மேல் வாசனைத் திரவியம் தெளித்ததாகவும், ஏன் அப்படிச் செய்தோம் என்று இன்றளவும் தெரியவில்லை என்றும் விடைபெறும் உரையில் அவர் நினைவு கூர்ந்தார். பெருநாள் காலையில் புதுச்சட்டைக்கு அத்தர் தடவும் நம் பிள்ளைகளுக்கு அதன் காரணம் தெரிந்திருக்கும்.

அந்த நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டுகள், 151 ஆட்டங்கள், 94 கோல்கள். அவர் விடைபெற்ற அன்று, ஆண்கள் பன்னாட்டுக் கால்பந்தில் அவரினும் மிகுதியாகக் கோல் அடித்தவர்கள் மூவரே: போர்ச்சுகலின் ரொனால்டோ, ஈரானின் அலி தாயீ, அர்ஜென்டினாவின் மெஸ்ஸி. அந்தக் கோல்களில் பல சிறிய நாட்டு அணிகளுக்கு எதிராக அடிக்கப்பட்டவை என்பாரும் உண்டு. அது உண்மையே. ஆயினும் அவர் சுமந்த அணி எது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 2008 ஆகஸ்டில் தில்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, 1984க்குப் பிறகு எட்டாதிருந்த ஆசியக் கோப்பைப் போட்டிக்கு இந்தியாவை அவர் கொண்டு சேர்த்தார். 2011இல் தோஹாவில் நடந்த அப்போட்டியில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. 2015 மார்ச்சில் உலகத் தரவரிசையில் நாம் 173ஆம் இடத்தில் கிடந்தோம். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4–1 என்று வென்றபோது இரண்டு கோல்கள் அவருடையவை. உலகக் கோப்பையை அவர் ஒரு முறையும் எட்டவில்லை. வென்ற அணியில் நெடுங்காலம் இருப்பது பேறு. தோற்கும் அணியில் நெடுங்காலம் இருப்பது பொறுமை. அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் இரண்டாவது.

அந்தப் பொறுமைக் காலத்தில் நாம் எங்கே இருந்தோம்? சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் படித்த நாள்களில், 1986இல் மெக்சிகோ உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் காட்டியபோது, மரடோனாவுக்காக நள்ளிரவு வரை கண் விழித்தோம். அன்று தொடங்கிய பழக்கம் விடவில்லை. ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டத்துக்காக இரவு பன்னிரண்டரை மணிக்கு எழுந்து, ஃபஜ்ரு பாங்கு வரை தூங்காதிருந்த இரவுகள் பல. மான்செஸ்டரின் பின்காப்பு வரிசையில் யார் காயமுற்றிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். நம் நாட்டணியில் அந்த இடத்தில் ஆடுபவர் யார் என்பது தெரியாது.

2018 ஜூன் 1ஆம் நாள் மும்பையில் இந்தியா சீனத் தைபே அணியை 5–0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல் அடித்தார். அதைக் காண வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு காணொளியில் தோன்றி மக்களிடம் வேண்டினார். ஐரோப்பியக் கழகங்களின் தரத்துக்கு நாங்கள் அருகில்கூட இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் வாருங்கள், வந்து எங்களைக் குறை கூறுங்கள், கத்துங்கள், முகத்துக்கு நேரே ஏசுங்கள், ஆனால் வாருங்கள் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். ஜூன் 4ஆம் நாள் கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டம் அவருக்கு நூறாவது ஆட்டம். மழையிலும் இருக்கைகள் நிரம்பின. இந்தியா 3–0 என்று வென்றது. இரண்டு கோல்கள் அவர் அடித்தவை.

அந்தக் காணொளியை நாமும் பார்த்தோம். “பாவம்” என்றோம். நண்பர்களுக்கு அனுப்பினோம். அன்றிரவு மும்பை ஆட்டத்தைப் பார்த்தோமா என்றால், இல்லை. அதே ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையின் எஃப்.சி. அணி பெங்களூரில் இறுதியாட்டம் ஆடியபோது மட்டும் தவறாமல் பார்த்திருந்தோம். அன்று சேத்ரி எதிரணியின் தலைவர். ஒன்பதாம் நிமிடத்திலேயே கோல் அடித்தார். ‘இவன் ஒருவன்’ என்று சலித்துக்கொண்டோம். சென்னை 3–2 என்று வென்றது; மகிழ்ந்தோம். அதில் குற்றமில்லை. பேரன் கேட்ட கேள்விக்கு நாம் எண்ணிய விரல்களுள் ஒன்று அந்த ஆட்டத்துக்குரியது என்பதே உறுத்தியது.

இந்த உறுத்தலுக்கு ஆறுதலாக மூன்று வாதங்களை நமக்கு நாமே சொல்லிப் பார்த்தோம். மூன்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

முதல் வாதம் இது: ஆட்டம் ஒரு பொழுதுபோக்கு. நன்றாயிருந்தால் பார்ப்போம், இல்லையேல் பாரோம். கடைக்குப் போகிறவன் எந்தக் கடைக்காரருக்கும் கடன்பட்டவன் அல்லன். தரத்தை நாடிப் போவது தவறாகுமா? 1977 செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக ஆட பெலே வந்தபோது ஈடன் தோட்டம் மக்களால் நிரம்பியதே, அது தவறா?

தவறன்று. உயர்ந்த கலையைத் தேடிப் போகும் கண் நல்ல கண்ணே. கடைக்காரர் உவமையும் ஓரளவுக்குச் சரியே. ஆனால் அது எதுவரை செல்லும்? கடை மூடப்படும் நாளில் வாடிக்கையாளன் வேறு கடை தேடிப் போவான். வாசலில் நின்று அழமாட்டான். அழுகிறவன் தன்னை வாடிக்கையாளன் என்று சொல்லித் தப்ப முடியாது. கண்ணீர் விட்ட அந்தக் கணத்திலேயே நாம் உறவு கொண்டாடிவிட்டோம். உறவு கொண்டாடியவனிடம் உறவின் கணக்குக் கேட்கப்படும். பெலேயின் பிரிவிலேயே இதற்குச் சான்றுண்டு. கல்கத்தாவில் ஆடிச் சென்ற ஒரு வாரத்தில், அக்டோபர் 1ஆம் நாள், அமெரிக்காவில் அவர் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். முதற்பாதி, கடைசி ஆண்டுகளில் தாம் ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு. பிற்பாதி, தம்மை வளர்த்த பிரேசிலின் சான்டோஸ் அணிக்கு. அவரைக் கண்டு வியந்தவர்கள் உலகெங்கும் இருந்தனர். விடை பெற வேண்டிய வீடுகள் இரண்டே என்று அவர் அறிந்திருந்தார் போலும்.

இரண்டாவது வாதம்: காலந்தாழ்ந்தேனும் பாராட்டுவது பாராட்டாமலே இருப்பதைவிட மேலன்றோ?

மேல்தான். ஆனால் யாருக்கு மேல் என்று கேட்க வேண்டும். பசித்திருந்த காலத்தில் கிடைக்காத சோறு, பசி தீர்ந்தபின் வாசலுக்கு வந்தால் அதை என்னென்பது? பிந்தி வரும் புகழ் பெறுகிறவருக்கு உணவாவதில்லை; கொடுக்கிறவருக்கு மருந்தாகிறது. மருந்தும் வேண்டியதே. நாம் குடித்த மருந்தைப் பிறருக்கு இட்ட உணவு என்று எண்ணிக்கொள்வதுதான் பிழை. பிரிவுபசார மேடைகளிலும் மையித்து வீட்டு முற்றங்களிலும் நாம் சொல்லும் நல்ல சொற்களுள் பாதியேனும், அவற்றுக்கு உரியவர் நடமாடிக்கொண்டிருந்தபோது அவர் காதில் விழுந்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

நாடும் இதில் நமக்கு இளைத்ததன்று. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்து நாட்டணியின் பயிற்சியாளரான சையத் அப்துல் ரஹீம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கு உயர்த்தினார். 1962 செப்டம்பர் 4ஆம் நாள் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் அவருடைய அணி தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் பெற்றது. அப்போது அவரைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூனில் காலமானார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ‘மைதான்’ திரைப்படம் வெளிவந்தது 2024 ஏப்ரலில். அறுபது ஆண்டுகள் கடந்து வந்த நன்றி அது. படத்தைப் பார்த்து நாம் கண் கலங்கினோம். கலங்கத் தெரிந்த கண்கள்தாம் நம்முடையவை.

மூன்றாவது வாதம்: கடலூரில் இருக்கும் நாம் மும்பை அரங்கிலும் கொல்கத்தா அரங்கிலும் போய் உட்கார முடியுமா? நம் ஒருவர் வருகையால் என்ன மாறிவிடும்?

இந்த வாதத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே நம் மனம் நம்மைத் தடுத்தது. மும்பை தொலைவுதான். மஞ்சக்குப்பம் மைதானம் தொலைவா?

நாம் சிறுவர்களாய் இருந்த எழுபதுகளில், அங்கே மாலைதோறும் பந்து உதைக்கப் போவோம். அஸ்ர் தொழுது முடித்ததும் ஓட்டமாய் ஓடுவோம். அங்கே ஒருவர் இருந்தார். அவருக்குப் பயிற்சியாளர் என்ற பட்டம் எவரும் தரவில்லை; ஊதியமும் தரவில்லை. சுண்ணாம்புத் தூளைத் தகரக் குவளையில் அள்ளிக் கோடு போடுவார். தோல் பந்தின் பிளாடர் ஓட்டையானால், சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவதுபோல் தம் கையாலேயே ஒட்டுவார். வாயில் விசிலைக் கடித்தபடி பம்ப் அடிப்பார். பந்தை எட்டி உதைப்பவனை அவருக்குப் பிடிக்காது. நிமிர்ந்து பார்த்து, ஆளிருக்கும் இடத்துக்கு அனுப்புபவனைப் பிடிக்கும். மஃரிப் பாங்கு ஒலித்த மறுகணம், ஆட்டம் எந்நிலையில் இருந்தாலும் விசில் ஊதிவிடுவார். “பாங்கு சொல்லியாச்சு, போங்கடா” என்பார். அவர் நம் சமயத்தவர் அல்லர். நம் நேரம் அவருக்குத் தெரியும்.

பின்னர் நாம் சிதம்பரத்தில் படித்தோம். அங்கேயே வேலையும் கிடைத்தது. வாரந்தோறும் பேருந்தேறிக் கடலூர் வருவோம். வீட்டுக்குப் போகும் வழி அந்த மைதானத்தின் ஓரந்தான். தொலைவில் அவர் தெரிவார். வேறு சிறுவர்கள், அதே விசில். முடி நரைத்தது, முதுகு வளைந்தது. பின்னொரு காலத்தில் விசில் நின்றது. மைதானத்து ஓரத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். ‘அடுத்த வாரம் போய்ப் பேச வேண்டும்’ என்று ஒவ்வொரு வாரமும் எண்ணினோம். அந்த அடுத்த வாரம் பல ஆண்டுகள் வராமலே இருந்தது.

ஒரு நாள் அவர் இறந்த செய்தி வந்தது. இரங்கல் கூட்டம் கூட்டினார்கள். நாமும் பேசினோம். சுண்ணாம்புக் கோட்டையும் பிளாடர் ஒட்டையும் உருக்கமாக எடுத்துரைத்தோம், கேட்டவர்கள் கலங்கினர். கூட்டம் கலைந்தபின் அவருடைய மனைவி நம்மிடம் வந்தார். குரலில் கோபம் சிறிதும் இல்லை.

“இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கீங்களே தம்பி, ஒரு நாள் வந்திருக்கலாமே. சாயங்காலத்துல தனியாத்தான் உக்காந்திருந்தாரு.”

அன்று நமக்கு மறுமொழி வரவில்லை. பேரன் கேட்ட கேள்வியும் அந்த அம்மையாரின் கேள்வியும் ஒன்றே என்பது 2024 ஜூன் 6 இரவில் விளங்கியது. பயணம் போகிறவர் பொறுதி கேட்பது நம் முறை. ஆனால், இருக்க வேண்டிய காலத்தில் இல்லாமற்போனவர்களுக்கு முன்னால் ஒருவர் விடைபெற நேரும்போது, பொறுதி கேட்க வேண்டியவர் போகிறவர் அல்லர். அங்கே நின்று கையசைப்பவர்தாம். சேத்ரி கை கூப்பினார். நமக்குத்தான் அது பொருந்தியிருக்கும்.

இதனால் ஆட்டக்காரர்களை ஆராதிக்கச் சொல்கிறோம் என்று எவரும் கருத வேண்டா. அவர்களும் நம்மைப்போல் பிழை செய்யும் மனிதர்களே. பொருளும் புகழும் பெற்றுக்கொண்டே உழைத்தவர்கள். நாம் பேசுவது வேறு. ஒருவர் தம் உடம்பின் நல்ல ஆண்டுகளை ஒரு பணிக்குக் கொடுக்கிறார். அந்தப் பணி நம் பெயரால் நடக்கிறது. அவருக்கு நாம் செலுத்த வேண்டியது வணக்கமன்று, வருகை. புகழ்ச்சி எளிது, அதற்கு நாக்கு போதும். வருகைக்குப் பொழுதைச் செலவிட வேண்டும். மனிதனிடம் உள்ளவற்றில் திரும்பச் சம்பாதிக்க முடியாதது பொழுது ஒன்றே; ஆதலால் நன்றியின் மெய்யான நாணயமும் அதுவே.

கதை 2024 ஜூனோடு முடியவில்லை. அவ்வாண்டு முழுவதும் இந்திய அணி ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. கோல் அடிக்கவும் ஆளில்லை. 2025 மார்ச்சில், நாற்பது வயதில், சேத்ரி மீண்டும் சீருடை அணிந்தார். மார்ச் 19ஆம் நாள் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக இந்தியா 3–0 என்று வென்றது. அவர் தலையால் முட்டி அடித்தது தொண்ணூற்றைந்தாம் கோல்.

இதைப் பலர் குறை கூறினர். விடைபெற்றவர் திரும்பலாமா? அன்று சிந்திய கண்ணீருக்கு என்ன மதிப்பு? இளையவர்களின் இடத்தை முதியவர் அடைத்துக்கொள்ளலாமா? கடைசிக் கேள்வி கனமானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாற்பது வயதுக்காரரை அழைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? அவருக்குப் பின் ஆள் வளரவில்லை. ஏன் வளரவில்லை என்று தேடிப் போனால், வழி அரங்குகளைக் கடந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் ஊர் மைதானங்களில் வந்து நிற்கும். அங்கே நம் கால்தடமும் இல்லை என்பது நினைவுக்கு வரும்.

கண்ணீரின் மதிப்பைப் பற்றி நம் கருத்து இது: விடை கொடுத்தவர்கள் அதைக் கடன் பத்திரமாக வைத்துக்கொள்வது முறையன்று. நம் மொழியில் எவரும் ‘போகிறேன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்கிறோம். வருவதற்கு இடம் வைத்தே விடை கொடுக்கப்படுகிறது. 2016இல் நாட்டணியிலிருந்து விலகுவதாகச் சொன்ன மெஸ்ஸி அதே ஆண்டில் திரும்பினார்; 2022இல் உலகக் கோப்பையை ஏந்தினார். எல்லாத் திரும்புதலும் அப்படி முடிவதில்லை. 2025 அக்டோபர் 14ஆம் நாள் கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று, ஆசியக் கோப்பை வாய்ப்பை இந்தியா இழந்தது. அதன்பின் சேத்ரி நாட்டணியிலிருந்து இரண்டாம் முறையாக விலகிக்கொண்டார். இம்முறை கடைசி ஆட்டம் என்று எதுவும் முன்னதாக அறிவிக்கப்படவில்லை.

அவர் திரும்பி வந்தது அணிக்குப் பயன்பட்டதா என்பதை வல்லுநர் ஆராயட்டும். நமக்குப் பயன்பட்டது. போனவர் மீண்டும் வந்து, தவறவிட்டதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்புத் தருவது வாழ்க்கையில் அரிது. அந்த மைதானத்துப் பெரியவர் திரும்பி வரவில்லை. ஷில்லாங் ஆட்டத்தையும், கோவாத் தோல்வியையும், இடையில் நடந்தவற்றையும் பேரனோடு அமர்ந்து பார்த்தோம். தோற்ற இரவில் அழவில்லை. தோல்வியிலும் உடனிருந்தோம் என்ற சிறு நிறைவு இருந்தது.

அதனினும் முக்கியமான ஒன்றையும் செய்யத் தொடங்கினோம். கடலூர் கால்பந்துக்கு அந்நியமான ஊரன்று. இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் இவ்வூர்ப் பெண். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டு மகளிர் 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றனர். அந்தப் பெண்கள் பயின்ற மாலைகளில் மைதானத்து ஓரம் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? நம்மைப்போல் வேகமாக வீட்டுக்கு நடந்தவர்களே மிகுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்ர் தொழுதபின் பேரனையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போனோம். சிறுவர்களும் சில சிறுமிகளும் ஆடிக்கொண்டிருந்தனர். இளைஞர் ஒருவர் விசிலோடு ஓடிக்கொண்டிருந்தார். ஆட்டம் உயர்ந்ததன்று. பந்து அடிக்கடி சாலைக்குப் போயிற்று. ஒரு முறை நாமே எடுத்துக் கொடுத்தோம். மஃரிப் நெருங்கியது. விசில் ஊதி அவர் ஆட்டத்தை நிறுத்தினார். பாங்குக்காகவா, இருட்டியதாலா என்று கேட்கவில்லை. அருகில் சென்று, “போய் வருகிறோம் தம்பி” என்றோம். யாரென்று தெரியாததால் ஒரு கணம் தயங்கினார்.

“வாங்கய்யா” என்றார்.

அடுத்த ஞாயிறும் போனோம்.